பேருந்தில் பறந்த பப்பாளி

சென்ற மாசியில், காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் காலைப் பேருந்தில் நடந்தது இது. காதை மாற்றிக்கொள்ளப் போய்க்கொண்டிருந்தேன்.

ஆமாம், காதைத்தான். என் வலது காது மடிந்து, புடைத்து, ஆறிப்போன பணியாரம் போல இருக்கும். இந்தியாவுக்காக ரக்பி ஆடியவள் நான். எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தோளைப் பூட்டிக் குனிந்து முட்டித் தள்ளுகிற ஆட்டம்; நான் முன்வரிசை. உரசி உரசிக் காதில் ரத்தம் கட்டும். மறுநாளும் ஆட்டம் இருக்கும்போது வைத்தியம் யார் பார்ப்பது? கட்டிய ரத்தம் அப்படியே இறுகிவிட்டது. பிறகு முழங்கால் போனது, ஆட்டம் போனது, அலுவலக நாற்காலி வந்தது. காது மட்டும் போகவில்லை.

"தீக்காயமா?" என்பார்கள். விளக்கிச் சொன்னால், "ஓ, கபடியா!" என்பார்கள். அலுத்துப்போய், தீக்காயம் என்றே சொல்லிவிட்டு முடியை இழுத்து மூடிக்கொள்ளப் பழகினேன். அண்ணன் மகள் கல்யாணம் நெருங்கியது. ஜிமிக்கி போட வேண்டும், போட்டோவில் நிற்க வேண்டும். காதைச் செதுக்கிச் சரிசெய்யலாம் என்று புதுச்சேரி மருத்துவர் அன்றைக்கு வரச் சொல்லியிருந்தார்.

வலப்பக்க ஜன்னலோரம்தான் எப்போதும் என் இடம். அங்கே உட்கார்ந்தால் அந்தக் காதைக் கடல் மட்டும்தான் பார்க்கும். கோட்டுச்சேரியில் ஒரு தம்பதி ஏறினார்கள். "எனக்கு வாந்தி வரும்மா, ஜன்னலோரம் விடுறீங்களா?" என்று அந்த அம்மா கேட்க, நகர்ந்தேன். கணவர் பின் இருக்கையில், மடியில் பையோடு. தரங்கம்பாடி தாண்டியதும் காற்று பாய்ந்து என் முடியை வாரித் தூக்கியது.

"அல்லாவே! காதுல என்னம்மா, தீ பட்டுச்சா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னாலிருந்து ஒரு தலை நீண்டது.

"நீ சும்மா இரு. தங்கச்சி, ரக்பிதானே? முன்வரிசையா?"

திரும்பிப் பார்த்தேன்; அந்த அம்மாவின் கணவர். இந்தப் பக்கத்தில் யாரும் என்னிடம் கேட்டிராத கேள்வி. துபாயில் ஒரு மைதானத்தில் புல் வெட்டி, கோடு போட்டு வயதைக் கழித்தவராம்.

"அங்க ஆடுற பயலுவோ பாதிப் பேருக்கு இந்தக் காதுதான். அதுல அவனுவளுக்கு ஒரு கெத்து. நாட்டுக்கு ஆடுனீங்களா?"

தலையசைத்தேன்.

"மாஷா அல்லாஹ்! ஏ கண்டக்டரே, நம்ம வண்டியில யாரு வர்றாங்கன்னு தெரியுமா?"

"டிக்கெட் எடுத்தவங்க எல்லாரும் வர்றாங்க பாய்!"

"கபடி மாதிரியா மச்சான்?" என்றார் மனைவி.

கணவர் பையிலிருந்து ஒரு நீளப் பப்பாளியை எடுத்தார். "பந்து இந்த வாக்குல இருக்கும். முன்னால ஓடணும், பின்னாலதான் போடணும்." சொன்ன கையோடு பின்னால் வீசிவிட்டார்!

"மகளுக்குக் கொண்டுபோற பழம் மச்சான்!"

"இப்ப பந்து. இறங்குனா பழம்."

கல்லூரிப் பெண் ஒருத்தி பிடித்தாள். அவளிடமிருந்து கைமாறிக் கைமாறிக் கடைசி இருக்கைவரை போனது. அங்கே நின்ற கண்டக்டர், "இந்தாங்க பாய், ஒங்க பந்து!" என்று முன்னால் எறிய, அதே நொடி டிரைவர் பிரேக் அடித்தார். பப்பாளி தடம் மாறி என் தலைக்கு மேல். எழுந்தது தெரியாது. நெஞ்சோடு அணைத்து, தோளைத் திருப்பி நின்றேன். பழத்தில் ஒரு கீறல் இல்லை. என் கைகள் எதையும் மறக்கவில்லை.

"ஃபவுலு! முன்னால போட்டுட்டாரு!" என்று கத்தினார் அவர். பேருந்தே கைதட்டியது.

எங்கே போகிறேன் என்பதையும், தீக்காயம் என்று சொல்லித் திரிவதையும் அதன்பிறகு சொன்னேன். அவர் பப்பாளியை வாங்கிப் பையில் வைத்தார். அந்த அம்மா என் காதை மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

"ஒங்க காது, ஒங்க இஷ்டம்மா. ஆனா தீ பட்டுச்சுன்னு மட்டும் இனிமே சொல்லாதீங்க."

சிதம்பரத்தில் அவர்களோடு நானும் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்று காரைக்கால் பேருந்தைப் பிடித்தேன்.

கல்யாணத்தன்று கொண்டை போட்டு, இடது காதில் மட்டும் ஒற்றை ஜிமிக்கியோடு எல்லாப் போட்டோவிலும் நின்றேன். சம்பந்தி அம்மா, "தீக்காயமா?" என்று கேட்டார். "இல்லங்க, ரக்பி. உட்காருங்க, சொல்றேன்" என்று தாம்பூலப் பையிலிருந்து தேங்காயை எடுத்தேன். அந்தப் பப்பாளியை அவர்கள் மகள் வீட்டில் அன்றைக்கே நறுக்கியிருப்பார்கள். என் கையில் அது இன்னும் பந்தாகவே இருக்கிறது.