சூடு போட்ட செவலையும் எங்கள் வீட்டு கௌபாயும்

முதலில் ஒரு மன்னிப்பு. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் வாரா வாரம் பத்திரிகையில் இந்த அரைப் பக்கத்தை அடைத்துக்கொள்வதே அதிகம். இதில் இந்த வாரம் கௌபாய் கதைகளைப் பற்றி எழுதத் துணிந்திருக்கிறேன். குதிரையை நான் மாப்பிள்ளை ஊர்வலத்தில் பார்த்ததோடு சரி. துப்பாக்கியைப் பார்த்தது ஃபாரஸ்ட் கார்டு தோளில். அது சுடுமா என்று அவருக்கே சந்தேகம்.

ஆனால் கௌபாயைத் தெரியும். நன்றாகவே தெரியும். தினமும் அவருக்குச் சோறு போடுகிறவள் நான்தான்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஜமுனாமரத்தூரில் எங்களுக்கு ஒரு மளிகைக் கடை. ஒடுகத்தூரிலிருந்து பிழைப்புக்காக மலை ஏறி வந்தவர்கள் நாங்கள். பொட்டலம் கட்டுவதற்குப் பழைய பேப்பர் வேலூரிலிருந்து மூட்டையாக வரும். பரீட்சைத் தாள், போன வருடத்துப் பஞ்சாங்கம், யாருடையதோ கல்யாணப் பத்திரிகை... எல்லாம் இருக்கும். சில மாதங்களாக அதில் கௌபாய் புத்தகங்கள் வருகின்றன. எந்தப் புண்ணியவான் எடைக்குப் போட்டாரோ தெரியவில்லை. அட்டையில் ஒரு குதிரை. குதிரை மேல் ஒரு தொப்பி. தொப்பிக்குக் கீழே ஒரு முறைப்பு.

என் வீட்டுக்காரர் அவற்றை எழுத்தெழுத்தாக ரசித்துப் படிப்பார். நானோ கடைசிப் பக்கத்திலிருந்து கிழித்துக் கிழித்துப் பொட்டலம் கட்டுவேன். அவர் முன்னாலிருந்து வருவார், நான் பின்னாலிருந்து போவேன். நடுவில் எங்காவது சந்திப்போம். இதனால் அவர் படித்த ஒரு கதைக்கும் அவருக்கு முடிவு தெரியாது.

"ஏம்மே, அந்த ஷெரீப்பு பொழச்சானா இல்லியா?"

"தெரியலிங்க. அவரு கால் கிலோ துவரம்பருப்போட போய்ட்டாரு."

சும்மா சொல்லக்கூடாது, மத்தியானம் கடையில் ஆள் இல்லாதபோது நானும் சில பக்கங்கள் படித்திருக்கிறேன். ஊருக்கு ஒரு கெட்டவன். அவனை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எங்கிருந்தோ ஒருவன் தனியாக வருவான். வந்த அன்றைக்கே எது நியாயம், எது அநியாயம் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். எப்படித் தெரியும்? கேட்கக்கூடாது. டுமீல். நியாயம் முடிந்தது. ஜன்னலோரம் ஒரு பெண் நின்றுகொண்டிருப்பாள். அவளுக்கு அந்தக் கதையில் நிற்பதுதான் வேலை. மாதக்கணக்கில் குதிரை மேலேயே இருக்கிறானே, அந்தச் சட்டையை யார் துவைக்கிறார்கள் என்று ஒரு புத்தகத்திலும் போடவில்லை.

புத்தகம் படிப்பதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இவர் கடை வாசலில் நிற்கும் விதமே மாறிப்போனது. இரண்டு கட்டைவிரலையும் லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு, வாயோரத்தில் ஒரு வேப்பங்குச்சியோடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு... எதிரே வருவது என்னவோ ஒடுகத்தூர் பஸ்தான்.

இந்தச் சமயம் பார்த்து என் அண்ணனுடைய மாடு காணாமல் போனது.

அண்ணன் இருப்பது கீழே ஒடுகத்தூரில். செவலைக் காளை. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. இடது தொடையில் வட்டமாக ஒரு சூட்டுத் தழும்பு. பஸ்ஸில் வந்த ஆள் சொல்லிவிட்டுப் போனதும் எனக்கு அழுகை வந்தது. என் வீட்டுக்காரர் வேப்பங்குச்சியை வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு மாற்றினார்.

"அழாதம்மே. நான் பாத்துக்கறேன்."

அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

அடுத்த சந்தை நாள். சின்னையன் புளி வண்டியோடு வந்து எங்கள் கடை முன்னால் நிறுத்தினார். மலையில் உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர் அவருக்கு. வருடா வருடம் புளியை எங்களுக்குத்தான் போடுவார். எங்கள் தராசு சொன்னால் சரி, மறு பேச்சுப் பேச மாட்டார். இந்தத் தடவை வண்டியில் ஒரு பக்கம் பழைய மாடு, இன்னொரு பக்கம் புது மாடு.

செவலை. நெற்றியில் சுட்டி. தொடையில் வட்டம். வட்டத்துக்கு மேல் புதிதாகக் குறுக்கே ஒரு கோடு.

"யோவ் சின்னையா, இந்த மாடு ஏது?"

"எங்க வூட்டு மாடுதாங்க. கன்னுக்குட்டிலேருந்து வளத்தது. இந்த வருசம்தான் நுகத்துல பூட்னேன்."

"இந்த சூடு?"

"போட்டதுதாங்க."

"யாரு போடச் சொன்னது?"

"நான்தான். வேற யாரு சொல்வாங்க?"

என் வீட்டுக்காரர் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார். சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "இது எங்க மச்சான் மாடு. வட்டத்து மேல கோடு இழுத்து அடையாளத்த மாத்தி ஓட்டிட்டு வந்துட்ட. இந்த வேலையெல்லாம் எனக்குத் தெரியாதுன்னு பாத்தியா?"

எப்படித் தெரியும்? அதற்கு முந்தின வாரம் படித்த புத்தகம்தான். அந்த ஊரில் பண்ணைக்காரர்கள் தங்கள் மாடு என்று தெரிவதற்காக ஆளுக்கொரு முத்திரையைக் காய்ச்சி மாட்டின் மேல் வைப்பார்களாம். திருடுகிறவன் அதன் மேல் இன்னொரு கோடு இழுத்துத் தன் முத்திரையாக மாற்றிக்கொள்வானாம். எங்கள் கௌபாய்க்கு அது வேதம்.

சின்னையன் புளிக்கறை படிந்த கையை வேட்டியில் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

அவர் பயந்தது என் வீட்டுக்காரரைப் பார்த்து இல்லை. மகள் மல்லிகாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார். அந்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க வருவதாக ஏற்பாடு. அந்த மாப்பிள்ளையின் அப்பா அப்போது எங்கள் கடைக்குள்தான் உப்பு வாங்கிக்கொண்டு நின்றார். கையிலிருந்த பையை மெதுவாகக் கீழே வைத்தார். கிளம்புகிறவர் பையைத் தூக்குவார். கேள்வி கேட்கப் போகிறவர்தான் கீழே வைப்பார்.

"இன்னா சின்னையா, இன்னா சமாச்சாரம்? திருட்டு மாடுன்றாங்க?"

"இல்ல சம்மந்தி... கடக்காரரு ஏதோ..."

இங்கே மாட்டு வழக்கை யாரும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டு போவதில்லை. சின்னையன் ஊர்க் கவுண்டர் சந்தையில்தான் இருந்தார். பஞ்சாயத்து என்றால் அவர்தான். மரத்தடியில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தவரை யாரோ போய்க் கூப்பிட, ஒரு கன்னம் மழமழவென்றும் இன்னொரு கன்னம் சோப்பு நுரையுமாக எழுந்து வந்தார். புத்தகத்து ஷெரீப் நெஞ்சில் நட்சத்திரம் குத்தியிருப்பார். எங்கள் ஷெரீப்புக்குத் தோளில் சவரக்கடைத் துண்டு.

"கடக்காரரே, அந்த சூடு இன்னாத்துக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"அடையாளத்துக்கு."

சந்தையே சிரித்தது.

"அடையாளத்துக்கா? வீக்கத்துக்குய்யா. மாட்டுக்கு வீங்கிப் போச்சின்னா வட்டமா ஒரு சூடு. அடங்கலன்னா குறுக்க ஒண்ணு இழுப்பாங்க. உங்க மச்சான் மாட்டுக்கும் அதேதான். கீழேருந்து எல்லாரும் எங்க ஊருக்குதான ஓட்டிட்டு வர்றாங்க."

அடிவாரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கே தெரியும் இது. இவருக்கும் தெரியும். சின்ன வயதில் இவர் வீட்டு மாட்டுக்கே போட்டிருக்கிறார்கள். ஆனால் புத்தகத்தில் ஒன்றைப் படித்துவிட்டால் கண் முன்னால் இருப்பது மறந்துபோகிறதே... அது எப்படி?

கௌபாய் இறங்கி வரவில்லை. "சரி, வைத்தியமாவே இருக்கட்டும். வட்டம் போட்ட மாட்ட திருடிட்டு வந்து, அப்புறம் கோடு போட்டிருக்கலாம் இல்ல?"

கவுண்டர் யோசித்தார். நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"அதுவும் சரிதான். மாட்டயே கேப்போம். அவுத்து வுடுங்கடா."

செவலையை அவிழ்த்துவிட்டார்கள். ஜனம் இரண்டு பக்கமும் ஒதுங்கியது. தெருவின் இந்த முனையில் என் வீட்டுக்காரர், கட்டைவிரல்கள் லுங்கி மடிப்பில். அந்த முனையில் சின்னையன். நடுவில் மாடு. புழுதி. ஒரு சத்தம் இல்லை. அச்சு அசலாக அட்டைப்படம்தான். ஜன்னலோரம் நிற்க வேண்டிய பெண்தான் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"செவல... வாடா," என்றார் சின்னையன். இந்த முனையில் எங்களுக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

மாடு அந்தப் பக்கம் பார்த்தது. இந்தப் பக்கம் பார்த்தது. பிறகு நிதானமாக நடந்து எங்கள் கடைக்கு வந்து, என் வீட்டுக்காரரைத் தாண்டி, வெல்லக் கூடையில் வாயை வைத்தது.

"பாத்தீங்களா? எங்கிட்ட வந்துடுச்சி," என்றார் இவர்.

உங்ககிட்ட எங்கே வந்தது, வெல்லத்துக்கிட்ட வந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. வாய் எடுத்த இடத்திலேயே நின்றது. மாப்பிள்ளையின் அப்பா குனிந்து உப்புப் பையை எடுத்தார்.

அப்போதுதான் சின்னையனின் மனைவி பூங்காவனம் வளையல் கடைப் பக்கமிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என்ன நடக்கிறதென்றே அவருக்குத் தெரியாது. கண்ணில் பட்டது மாடு மட்டும்தான்.

"டேய், இன்னாடா பண்ற அங்க? அடுத்தவன் வூட்டு கூடையில வாய வக்கிற?"

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. செவலை தலையைத் தூக்கியது. வாயிலிருந்து வெல்லப்பாகு நூலாகத் தொங்கியது. பாதி தின்ற வெல்லத்தை விட்டுவிட்டு, அதட்டு வாங்கிய பிள்ளை மாதிரித் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அந்த அம்மாவிடம் போய், தோளில் மூக்கை வைத்துக்கொண்டது. புதுப் புடவையெல்லாம் பாகு.

வெல்லத்தை விட்டுவிட்டு ஒரு மாடு போகிறது என்றால் அது யார் வீட்டு மாடு? இதற்கு மேல் யாரைக் கேட்க வேண்டும்?

என் வீட்டுக்காரரின் கட்டைவிரல்கள் லுங்கி மடிப்பிலிருந்து தானாக வெளியே வந்தன.

கவுண்டர் துண்டால் கன்னத்தைத் துடைத்தார். "கடக்காரரே, திருடன் வூட்டுல எவனும் கை நனைக்க மாட்டான். நீங்க வெள்ளிக்கெழம வந்து சின்னையன் வூட்டுல சாப்பிடணும். சம்மந்தி பாக்கச் சாப்பிடணும். அவ்ளோதான்."

"அபராதம் கிபராதம்..."

"அதான் மாடு வெல்லத்த துன்னுடுச்சே."

மிச்ச சவரத்துக்குப் போய்விட்டார். டுமீல் இல்லை. தூக்குக் கயிறு இல்லை. ஒரு வேளைச் சாப்பாடு.

இலேசான தண்டனை என்றுதான் நானும் நினைத்தேன். அன்றைக்கு ராத்திரி இவர் கேட்டார்: "சாமச் சோறா போடுவாங்க?" நெல்லுச் சோறு தவிர வேறெதுவும் இவருக்கு இறங்காது. "கௌபாய் மாசக்கணக்கா வெறும் பீன்ஸ வேக வச்சி துன்றானே," என்றேன். "அது கதம்மே," என்றார்.

வெள்ளிக்கிழமை வெள்ளை வேட்டி கட்டி என்னையும் அழைத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் உதடு அசைந்தது. என்ன பேசுவது என்று ஒத்திகை பார்க்கிறார் போல. தையல் இலை போட்டார்கள். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. எங்கே போனாலும் பீன்ஸ் விடவில்லை. பக்கத்து இலையில் மாப்பிள்ளையின் அப்பா. அவர் சோற்றில் கை வைக்கவில்லை. இவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் மல்லிகாவின் வளையல் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

ஒத்திகை பார்த்ததெல்லாம் இவருக்கு மறந்துபோனது என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. "மாடு உங்களுதுதான் சின்னையா. வாயி என்னுது. அதுதான் தப்பா பேசிடுச்சி," என்றார்.

"சாப்டுங்க கடக்காரரே, ஆறிடும்," என்றார் சின்னையன்.

ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தார். இன்னொரு பிடி. பிறகு இலையைக் காட்டி, "இன்னும் கொஞ்சம் போடுமா," என்று பூங்காவனத்திடம் கேட்டார். சம்மந்தி பார்க்கட்டும் என்று கேட்டாரா, வேண்டியிருந்ததால் கேட்டாரா, எனக்குத் தெரியாது. இத்தனை வருடக் குடித்தனத்தில் நான் அவரைக் கண் எடுக்காமல் பார்த்தது அன்றைக்குத்தான்.

மாப்பிள்ளையின் அப்பா சோற்றில் கை வைத்தார். கை கழுவியதும் தை மாதத்துக்கு நாள் குறித்தார்கள்.

திரும்பி வரும்போது நான் யோசித்துக்கொண்டே வந்தேன். அந்தப் புத்தகங்களில் வீரன் நியாயம் சொல்லி முடித்ததும் குதிரை ஏறிச் சூரியன் இறங்குகிற பக்கமாகப் போய்விடுவான் என்றுதான் கேள்வி. போவது சுலபம். அவன் சுட்டது தப்பான ஆளை என்றால் அவனுக்கு என்ன? மளிகைக் கடை வைத்திருக்கிறவன் அப்படிப் போக முடியுமா? விடிந்தால் அதே ஊரில் அதே கதவைத் திறக்க வேண்டும். அந்தப் புத்தகத்து வீரனால் முடியாத ஒன்றைத்தான் எங்கள் வீட்டு கௌபாய் மொச்சைக் குழம்போடு செய்துவிட்டு வந்தார் என்று நினைக்கிறேன். இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் திரும்பவும் வேப்பங்குச்சி வந்துவிடும்.

மறுநாள் காலையில் கடை திறந்தோம். அண்ணன் மாடு பற்றித் தகவல் ஒன்றும் இல்லை. சின்னையன் வந்து உப்பும் தீப்பெட்டியும் வாங்கினார். அவர் கேட்காமலே என் வீட்டுக்காரர் ஓர் அச்சு வெல்லம் வைத்துக் கட்டினார், குதிரைப் படம் போட்ட பக்கத்தில்.