கௌசிகாவின் சென்னைப் பயணங்கள்

கம்பெனியின் கணக்குப்படி, வடகரப்பதி கௌசிகா அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரே நாளில் பத்தொன்பது தடவை சென்னைக்குப் போனாள். பதினெட்டுத் தடவை கொச்சிக்குத் திரும்பினாள். போக இரண்டு நிமிடம், வர மூன்று நிமிடம். கடைசியாகப் போனவள் திரும்பிய பதிவே இல்லை. இத்தனைக்கும் நடுவில் அவள் சோறு வடித்து, மாமனாருக்குப் போட்டு, பாத்திரமும் கழுவி வைத்திருந்தாள் என்பது மட்டும் அந்தக் கணக்கில் ஏறவில்லை.

உண்மையில் அன்று அவள் வீட்டுப் படலைத் தாண்டவில்லை. சென்னையை அவள் டிவியில்தான் பார்த்திருக்கிறாள், அதுவும் வெள்ளம் வந்தபோது.

கௌசிகாவுக்கு இருபத்தேழு வயது. பிறந்த வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், கோயமுத்தூர் மாவட்டம். புகுந்த வீடு இந்தப் பக்கம், பாலக்காடு மாவட்டம். நடுவில் ஆறு கிலோமீட்டரும் ஒரு மாநில எல்லையும். இரண்டு வீட்டையும் சேர்த்துப் பார்த்தாலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். பி.காம். கறுப்பு அங்கி போட்டு எடுத்த படத்தை முன்னறையில் மாட்டியிருந்தார்கள். வருகிற சொந்தபந்த ஒறம்பறையெல்லாம் அதைப் பார்த்துவிட்டு, "வக்கீலுங்களா?" என்று கேட்டுப் போவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு மூன்று வருடம் அந்தப் பி.காம் செய்த ஒரே வேலை, கூட்டுக்கிணற்றில் யாருக்கு எந்த நாள் மோட்டார் முறை என்று ஓர் அட்டையில் எழுதியதுதான். எழுத்து அழகாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள்.

பிறகு இந்த வேலை கிடைத்தது. பெங்களூரில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்க வேண்டும். முதல் ஆறு மாதம் தகுதி பார்ப்பார்கள். அதில் ஐந்தரை மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. மிச்சமிருந்தது பன்னிரண்டு நாள். அது கழிந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடியும் மோட்டார் அட்டை.

மாமியார் செல்லாத்தாளுக்கு அந்த வேலையின் மேல் பெரிய மரியாதை கிடையாது. "பொட்டியத் தொறந்து வெச்சுட்டு, உள்ள உடு, உள்ள உடுன்னு நாளெல்லாம் கும்புட்டுட்டு உக்காந்திருக்கறதுக்குச் சம்பளமாமா" என்பாள். வாய்த்துடுக்குதான். ஆனால் நடந்ததும் அதுதான்.

காலையில் லேப்டாப்புக்குத் தன் போனிலிருந்து நெட் கொடுத்து, பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து, போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணையும் தட்டிக் கௌசிகா உள்ளே போவாள். ஒரு பில்லைத் திறந்து மருந்து, ஊசி, படுக்கை வாடகை என்று முப்பது வரி சரிபார்ப்பாள். முப்பத்தோராவது வரியில் கை வைக்கும்போது திரை வெளுக்கும். 'உங்கள் பாதுகாப்புக்காக நீங்கள் வெளியேற்றப்பட்டுள்ளீர்கள்' என்று வரும். பார்த்த முப்பது வரியும் போயிருக்கும். இவ்வளவு அக்கறையோடு யாரும் யாரையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியதில்லை.

"மறுக்காவும் தள்ளீட்டானா புள்ள?"

"ஆமாங்கத்தே."

"அப்பிடி என்ன தப்பு செஞ்ச?"

"ஒண்ணுஞ் செய்யலீங்க. பாதுகாப்புங்களாம்."

"ஆருக்கு?"

கௌசிகா மறுபடியும் பாஸ்வேர்டைத் தட்டத் தொடங்கினாள்.

கணவன் சிவப்பிரகாஷ் தேங்காய் லோடு ஏற்றும் வண்டி வைத்திருப்பவன். "சிம்மக் கழட்டி ஊதிப் போடு" என்றான். வண்டியானாலும் போனானாலும் அவனுடைய வைத்தியம் இரண்டே: ஊதுவது, தட்டுவது. நாலு நாள் ஊதினாள். மாமனார் குப்பண்ணன், தென்னை மட்டை காற்றில் ஆடி சிக்னலை மறைக்கிறது என்று கண்டுபிடித்து இரண்டு மட்டையை வெட்டியே போட்டார். அடுப்புக்கு ஆயிற்று.

கம்பெனியில் தகவல் பாதுகாப்பு என்று ஒரு தனிப் பிரிவு உண்டு. பன்னிரண்டு பேர். அவர்களிடமிருந்து புதன்கிழமை நல்ல ஆங்கிலத்தில் ஒரு மெயில் வந்தது. 'உங்கள் கணக்கை இரண்டு ஊர்களில் இருவர் பயன்படுத்துவதாகச் சந்தேகிக்கிறோம். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வீடியோவில் விசாரணை. அதுவரை உங்கள் நிரந்தரப் பைல் நிறுத்தி வைக்கப்படும்.' பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும், இது ஏனம்மா இப்படி ஆகிறது என்று முதலில் ஒரு போன் போட்டுக் கேட்கத் தோன்றவில்லை. கேட்பது பாதுகாப்புக்கு உகந்ததில்லை போலும்.

கௌசிகா அழவில்லை. ஒரு நோட்டு எடுத்துக் கோடு போட்டாள். எத்தனை மணிக்கு வெளியே தள்ளியது, அப்போது எங்கே உட்கார்ந்திருந்தாள், போனின் நெற்றியில் என்ன காட்டியது. வியாழக்கிழமை மதியத்துக்குள் முப்பத்தொரு வரி சேர்ந்தது. படித்துப் பார்த்தால் முப்பத்தொன்றும் ஒன்றையே சொன்னது: ஒவ்வொரு தடவையும் போன் ஒரு சிம்மிலிருந்து இன்னொரு சிம்முக்குத் தாவியிருந்தது.

எல்லையோர வீடுகளில் போன் என்றால் இரண்டு சிம்தான். கேரள சிம் ரேஷனுக்கும் பஞ்சாயத்துக்கும் புகுந்த வீட்டுக்கும். தமிழ்நாட்டு சிம் பேங்குக்கும் பிறந்த வீட்டுக்கும். செருப்பு ஏன் இரண்டு என்று யாரும் கேட்பதில்லை, அதுபோலத்தான். அதனால்தான் இத்தனை நாள் சந்தேகம் தென்னை மட்டை மேல் போயிற்றே தவிர சிம் இரண்டாக இருப்பதன் மேல் போகவில்லை. ஒன்றில் சிக்னல் மங்கினால் போன் தானாக மற்றதற்குத் தாவும், நல்ல எண்ணத்தில்தான். தாவும்போது நெட்டில் அவளுக்கிருந்த விலாசம் மாறிவிடும். ஓர் எண் போய் வேறோர் எண் வரும். கம்பெனியின் தளமோ, உள்ளே விட்ட ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை. எந்த விலாசத்திலிருந்து வந்தாள் என்று மட்டும் குறித்து வைக்கும். பாதியில் விலாசம் மாறினால் ஆளே மாறிவிட்டதாக முடிவுகட்டிக் கதவைச் சாத்தும். கேரள சிம் என்றால் கொச்சி என்று எழுதிக்கொள்ளும், தமிழ்நாட்டு சிம் என்றால் சென்னை.

தாவாமல் நிறுத்தப் போனிலேயே ஒரு பொத்தான் இருந்தது. தமிழ்நாட்டு சிம்மில் நிறுத்தினால், பைலில் பாலக்காடு என்றிருப்பவள் நாளெல்லாம் சென்னையில் இருப்பதாக எழுதிக்கொள்ளும் என்பதால், கேரள சிம்மில் நிறுத்தினாள். முன்னறையில் கேரள சிக்னல் பாதி நேரம் கிடையாது என்பதால் நெட்டும் நின்றது. அதற்குக் கம்பெனி வைத்திருந்த பெயர் 'பணியில் இல்லை'. தாவினால் திருடி, தாவாவிட்டால் சோம்பேறி. போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு, களம், கிணற்றடி என்று சுற்றினாள். கேரளம் அசையாமல் நின்றது ஒரே இடத்தில்: மாடு கட்டும் கட்டுத்தரையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மூலை. மேசை அங்கே போயிற்று.

வெள்ளிக்கிழமை திரையில் வந்தவர் ஹரிநாராயணன். பெங்களூரில் பதினைந்து வருடம் இருந்தும் பேச்சில் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்தை விடாதவர். கல்பாத்திக்கும் வடகரப்பதிக்கும் நாற்பது கிலோமீட்டர்கூட இருக்காது. வடகரப்பதி என்ற பெயரை அவர் முதன்முதலில் பார்த்தது கௌசிகாவின் பைலில்தான்.

"சென்னைல உங்களுக்கு ஆராக்கும் இருக்கா?"

"ஆருமில்லீங்க சார்."

"பின்னே பாஸ்வேர்டை ஆருக்குக் குடுத்தேள்?"

"ஆருக்கும் குடுக்கலீங்க. எங்கத்தைக்குக்கூடத் தெரியாதுங்க."

அந்த வீட்டில் செல்லாத்தாளுக்குத் தெரியாத ஒரே விஷயம் அதுதான் என்பதால் இது பலமான சாட்சி. ஹரிநாராயணனுக்கு அதன் எடை தெரியவில்லை.

"நீங்க சொல்றது எனக்கு மனசிலாறது. ஆனா சிஸ்டம் பொய் சொல்லாதே."

"பொய் சொல்லலீங்க. தெரியாததச் சொல்லுது." கௌசிகா எழுந்தாள். "நான் இப்பச் சென்னைக்குப் போறனுங்க. நீங்க பாத்துட்டே இருங்க."

வீடியோ சிவப்பிரகாஷின் போனில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதைத் தூக்கிப் பிடித்தபடி பின்னால் நடந்தான். லேப்டாப்புக்கு நெட் அவளுடைய போனிலிருந்து. தாவும் பொத்தானை மறுபடி போட்டுவிட்டு, லேப்டாப்போடு கட்டுத்தரையிலிருந்து மாட்டைச் சுற்றிக்கொண்டு, முன்னறைக்கு இருபத்து மூன்று எட்டு வைத்தாள். எதிர்முனையில் ஹரிநாராயணன் தன் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"கொச்சி. இப்பவும் கொச்சி. கொச்சிதான்." திரையில் ஊர் மாறியது. "சென்னை எத்தியாச்சு."

வெளியேற்றப்பட்ட திரையைக் கௌசிகா அவருக்குத் திருப்பிக் காட்டினாள். சன்னலுக்கு வெளியே அதே மாடு நின்றது. செல்லாத்தாள் போனுக்குள் எட்டிப் பார்த்து, "ஏனுங் தம்பி, சாப்பிட்டாச்சுங்களா? மூஞ்சி வாடிக் கெடக்குது" என்றாள்.

ஹரிநாராயணன் தன் திரையில் ரிப்போர்ட்டைத் திறந்தார். பிறகு, "எனக்குப் போதும்" என்றார். "ஆனா ரிப்போர்ட்ல ரெண்டே காரணம்தான் இருக்கு கேட்டேளா. பாஸ்வேர்டைப் பகிர்ந்தார், இல்லாட்டா பயணத்தில் இருந்தார்."

"விலாசம் தானா மாறுச்சுன்னு இல்லீங்களா?"

"இல்லை."

"சேத்த முடியாதுங்களா?"

"அதுக்கு ஒரு கமிட்டி உண்டு. வருஷத்துல ஒரு தடவை கூடும்."

"அப்பப் பயணம்னே போடுங்க சார்."

"எதுல போனேள்னும் கேக்கறது."

"நடந்துங்க."

அவர் தட்டினார். கொச்சியிலிருந்து சென்னை, கால்நடையாக, ஒரே நாளில் பத்தொன்பது தடவை. பன்னிரண்டு பேர் கொண்ட அந்தப் பிரிவில் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்ததல்லவா. பைல் நகர்ந்தது, ஒரு நிபந்தனையோடு: நிரந்தரமாகும்வரை முன் அனுமதி இல்லாமல் ஒரு பயணம் நடந்தாலும் வேலை இல்லை.

பன்னிரண்டாம் நாள் மதியம் நிரந்தர ஆணை வந்தது. மாலை ஆறு மணிக்குள் உள்ளே போய் 'சம்மதம்' என்பதை அழுத்த வேண்டும். தவறினால் ஆணை தானாக ரத்து. அன்று கட்டுத்தரையில் மேசைக்கு மேல் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள், மழை வரும்போல் இருந்ததால். கௌசிகா உள்ளே போய் ஆணையின் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது மழையும் வந்தது. கேரளம் போயிற்று.

நாலரை. ஐந்து. ஐந்தேகால். போனின் நெற்றியில் தமிழ்நாடு நாலு கோடும் நிமிர்ந்து நின்றது.

"அதுல ஃபுல்லா இருக்குதல்லொ. போட்டு அமுக்கி உடு" என்றான் சிவப்பிரகாஷ்.

"போட்டா வெளிய தள்ளீரும். அப்பறம் அனுமதியில்லாமப் போனவன்னு எழுதிருவாங்க."

"அப்ப எத்தன நேரம் பாக்கறது?"

"வர்ற வரைக்குமுங்க."

அவன் போனைத் தட்டலாமா என்று கையை நீட்டினான். அவள் பார்த்த பார்வையில் கையை மடக்கிக்கொண்டான். குப்பண்ணன் தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் கோலால் தள்ளிவிட்டார். கௌசிகா எதையும் தொடாமல், திரை அணைந்துவிடாதபடி ஒரு விரலை மட்டும் அவ்வப்போது அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்து நாற்பத்தொன்றுக்குக் கேரளம் ஒரு கோடு காட்டியது. அவள் இரண்டாவது கோட்டுக்குக் காத்திருக்கவில்லை. அழுத்தினாள். ஒரு சக்கரம் சுற்றியது, சுற்றியது, பிறகு அவளை நிரந்தர ஊழியர் என்று அழைத்து வரவேற்றது.

"முடிஞ்சுதா?" என்றாள் செல்லாத்தாள், கையில் பால் சொம்போடு.

"முடிஞ்சுதுங்கத்தே. இனி இந்த வேலைய ஆரும் எடுக்க முடியாதுங்க."

"நல்லாருக்கட்டும். மேசைய அக்கட்ட நகத்து. பீச்சற நேரம் தாண்டிப் போச்சு."