பஃபர்களுக்கு நடுவில்

இல்லை, முருகன் மாமாவுக்கு என்மேல் கோபமில்லை. நான்தான் அப்படி நினைத்துவிட்டேன்.

இன்று மும்பை குர்லா ரயில் யார்டுக்கு அப்பாவின் மதிய டப்பாவைக் கொண்டுபோனேன். அப்பாவுடன் வேலை பார்க்கும் மாமா, சிவப்புக் கொடியை உயர்த்தியபடி எஞ்சின் டிரைவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று முறை கூப்பிட்டேன். திரும்பவில்லை.

"என்ன மாமா, பெரிய ஆளாயிட்டியளோ?" என்று தோளைத் தொட்டேன்.

"கைய எடுட்டி. உங்கப்பன் உள்ள நிக்கான்."

அப்போதுதான் பார்த்தேன். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் அப்பா குனிந்து கொக்கியைப் பூட்டிக்கொண்டிருந்தார். மோதலைத் தாங்கும் பஃபர்கள் அவர் தலைக்கு இருபுறமும் இருந்தன.

"நான் கொடிய எறக்குனா வண்டி நவுந்துரும்லா," என்றார் மாமா, திரும்பாமலே.

எஞ்சின் மாட்டும்போது ரயில் குலுங்கியதென்று போன வாரம்தான் இங்கே எழுதிப் புலம்பியிருந்தேன்.

அப்பா வெளியே வரும்வரை நானும் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.