பாத்திர அறைக்காக ஆடிய ஆட்டம்

எங்கள் சங்கத்தைத் தொடங்கியவர்கள் நான்கு பேர். தலைவி, மாடி வீட்டு மாமி. செயலாளர், அம்மா. பொருளாளர், அப்பா. மற்றதெல்லாம் மாமா. அப்படி ஒரு பதவி எந்தச் சங்கத்திலும் கிடையாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் நாற்காலி தூக்குவது, ஆட்களைத் திரட்டுவது, திரண்ட ஆட்கள் சண்டை போட்டால் விலக்குவது, யார் எதைக் கேட்டாலும் ‘அல்லாம் நான் பாத்துக்கறேன்’ என்று சொல்லிவிடுவது, இதற்கெல்லாம் வேறு என்ன பெயர் வைப்பது?

நாங்கள் நேபாளத்துக்காரர்கள். அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள், நாங்களும் மறுக்கவில்லை. நானும் தம்பியும் பிறந்தது சென்னை அரசு ஆஸ்பத்திரியில். வளர்ந்தது கோபாலபுரத்தில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்குக் கீழே இருந்த ஒற்றை அறையில். அப்பா அந்தக் கட்டடத்தின் வாட்ச்மேன். கார் வந்தால் கேட்டைத் தள்ளித் திறப்பார், சலாம் வைப்பார், மறுபடி மூடுவார். அம்மா அதே கட்டடத்திலும் பக்கத்துத் தெருவிலும் வீட்டு வேலை செய்தாள். அம்மாவின் அண்ணன்தான் மாமா. மேற்கு மாம்பலத்தில் ஒரு ஃபாஸ்ட் ஃபுட் கடையில் ஃப்ரைட் ரைஸ் மாஸ்டர். நேபாளியிலும் தாய்மாமனை மாமா என்றுதான் சொல்வார்கள் என்பதால் அவரைக் கூப்பிடுவதில் மட்டும் எங்களுக்குக் குழப்பம் இருந்ததில்லை. மற்றபடி எனக்குத் தெரிந்த மலை பரங்கிமலை. எனக்குத் தெரிந்த பனி மாடி வீட்டு மாமியின் ஃப்ரிட்ஜுக்குள் இருந்தது.

சங்கம் தொடங்கக் காரணம் தம்பி. அப்போது அவனுக்குச் சரியாகப் பேச்சுகூட வரவில்லை. ஒரு நாள் காலையில் நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன். அம்மா மாடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு காருக்குக் கேட்டைத் திறந்திருந்தார். திறந்த கேட் வழியாகத் தம்பி பொடிநடையாக வெளியே போய்விட்டான். தெருமுனைக்கு அப்பால், பஸ் போகிற சாலையோரத்தில், ஒரு பூக்காரம்மா அவனைப் பிடித்து மடியில் உட்கார வைத்திருந்தாள். அன்று அம்மா அழவில்லை. சேலையில் சோப்பு நுரையோடு நேரே மாடி வீட்டு மாமியிடம் போய், “எங்க பசங்கள வுடறதுக்கு ஒரு எடம் வேணும் மாமி. எனுக்கு மட்டும் இல்ல, எங்க ஆளுங்க வூட்ல அல்லாருக்கும் இதே கதைதான்” என்றாள்.

மாமி கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவருக்குப் பிடிக்கவேயில்லை. வேலை தேடிக்கொண்டிருந்தவர் கையில் நாங்கள் மாட்டினோம். ஒரு மாதத்துக்குள் சங்கத்துக்குப் பெயர், ரப்பர் ஸ்டாம்ப், தலைவி எல்லாம் தயார். இடம்தான் இல்லை.

மயிலாப்பூரில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் பாத்திர அறை ஒன்று சும்மா கிடந்தது. சமையல்காரர்கள் சொந்த அண்டா குண்டானோடு வரத் தொடங்கிவிட்டதால் அதற்கு வேலையில்லாமல் போயிருந்தது. நல்ல காற்று வரும், பக்கத்திலேயே குழாய், பின்பக்கம் மதில். பிள்ளைகளைப் பகல் முழுவதும் விட்டு வைக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. மண்டபத்தைப் பார்த்துக்கொண்ட பெரியவர் மாமிக்குத் தெரிந்தவர். தெரிந்தவர் என்பதற்காக இளகிவிடுகிறவர் அல்ல. முன்பு யாரோ சேவைச் சங்கம் என்று சொல்லி அந்த அறையை வாங்கி, பிளாஸ்டிக் குடம் அடுக்கி வியாபாரம் பண்ணியிருந்தார்கள். அந்தச் சூடு அவருக்கு ஆறவில்லை.

“சங்கம்னு யார் வேணா சொல்லிக்கலாம். உங்க ஜனங்களைக் கூட்டிண்டு வந்து நம்ம மண்டபத்துலயே ஒரு விழா பண்ணுங்கோ. உங்க பாட்டு, உங்க கூத்து, எல்லாம் நான் பாக்கணும். நிஜமான மனுஷாதான்னு தெரிஞ்சா சாவியைத் தரேன்” என்றார்.

மாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “குழந்தைகள்லாம் அவா ஊர் நடனம் ஆடட்டும்! பாரம்பரியத்தை விட்டுடப்படாது” என்றார். யார் சொல்லிக்கொடுப்பது என்ற கேள்வி எழுவதற்குள் மாமா முந்திக்கொண்டார். “நான் கீறேன் மாமி. ஊர்ல டான்ஸுன்னாலே நாந்தான். அல்லாம் நான் பாத்துக்கறேன்.”

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அதற்குள் இரண்டாவது மாடியிலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவளுக்கு ஆட்டம் தெரியும். கல்யாணம் ஆகிற வரைக்கும் ஊரில் இருந்தவள், பண்டிகைக்கு ஆடாமல் இருந்திருப்பாளா? ஆனால் விடியலில் கிளம்பி விளக்கு வைத்த பிறகு அறைக்கு வருகிறவளை யார் ஆடச் சொல்வது?

அப்போது எங்களுக்குப் பள்ளிக்கூட லீவு. கடைக்கு மத்தியானம் இடைவேளை. அந்த நேரத்தில் மாமா பஸ் பிடித்து வந்துவிடுவார். எங்கள் கட்டடத்து மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒத்திகை. நானும் சுற்றுவட்டாரத்து வாட்ச்மேன் வீட்டுப் பிள்ளைகளும் ஒரு கூட்டம். மேளத்துக்குப் பதில் பெயிண்ட் வாளி. மாமா அதைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டத் தொடங்கினால், சும்மா சொல்லக் கூடாது, காலே தானாக ஆடும்.

நடனம்தான் விசித்திரமாக இருந்தது. முதலில் காலை அகட்டி நின்று, இல்லாத ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து, இடமிருந்து வலமாக உடம்பெல்லாம் சாய்த்துத் தள்ள வேண்டும். “இது மலைக்காத்து” என்றார் மாமா. பிறகு வலது மணிக்கட்டைச் சுண்டி மேலே தூக்கி, குதிகாலில் அரைச் சுற்று. அது பறவை. பிறகு குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையால் தரையில் வட்டம் போட்டுக்கொண்டே பின்னால் நகர வேண்டும். அது ஆற்றுச் சுழல். அடுத்து இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே நின்று, நடுவில் இருக்கிற எதையோ ஆளுக்கொரு பக்கமாக முறுக்க வேண்டும். அது காதல் என்று சொல்லிவிட்டு, எங்கள் வயதைப் பார்த்து, நட்பு என்று மாற்றினார். கடைசியில் விறைத்து நின்று ஒரு சலாம். அது ராஜாவுக்கு.

“இன்னா மாமா இது, டான்ஸ் மாறியே இல்ல?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“உனுக்கு இன்னா தெரியும்? பரங்கிமலையத் தாண்டிப் போயிருக்கியா நீ? மலைல அல்லாரும் இப்டித்தான் ஆடுவாங்க” என்றார். வீட்டில் மூச்சு விடக் கூடாது, விழாவன்று அம்மாக்கள் பார்த்து அசந்துபோக வேண்டும் என்றும் சொல்லி வைத்தார். ரகசியம் என்றால் எங்களுக்குக் கசக்குமா? ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

விழாவன்று மண்டபம் நிறைந்துவிட்டது. தெரிந்த நேபாளக் குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. அப்பா மட்டும் வரவில்லை. கேட்டை யார் பார்ப்பது? பொருளாளர் இல்லாமலே விழா தொடங்கியது. மாமி தன் டெய்லரிடம் சொல்லி, ஜாக்கெட் துணி மிச்சத்தில் எங்களுக்கெல்லாம் தொப்பி தைத்துக் கொண்டுவந்திருந்தார். எனக்கு வந்தது மாம்பழக் கலரில் சரிகை போட்டது. பெரியவர் முன்வரிசையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாமி, அடுத்து அம்மா. அம்மாவின் மடியில் தம்பி. பாத்திர அறைச் சாவி பெரியவரின் விரலில் வளையத்தோடு சுழன்றுகொண்டிருந்தது. அம்மா மேடையைப் பார்க்காமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா மேடை ஓரத்தில் வாளியைத் தட்டினார். நாங்கள் மலைக்காற்றைத் தள்ளினோம். பறவையைப் பறக்க விட்டோம். குந்தி உட்கார்ந்து ஆற்றில் வட்டம் போட்டுக்கொண்டு பின்னால் நகரும்போதுதான் பெண்கள் வரிசையில் முதல் சிரிப்பு கேட்டது. ஒரு அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் அவளை இடித்துவிட்டு, தானும் சிரிக்க ஆரம்பித்தாள். அப்புறம் வரிசை வரிசையாகப் பரவிவிட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். எங்கள் மக்களே எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. தொப்பியைக் கழற்றி வீசிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

பெரியவர் திரும்பிப் பார்த்தார். சாவி சுழலுவது நின்றது.

“என்னத்துக்குச் சிரிக்கறா? இது உங்க ஊர் ஆட்டம்தானா?” என்று அம்மாவையே நேராகக் கேட்டார்.

வாளிச் சத்தமும் நின்றது. மாமாவின் இரண்டு கையும் வாளி மேல் அப்படியே கிடந்தன. எதற்கும் ‘அல்லாம் நான் பாத்துக்கறேன்’ என்கிற மனிதர், அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் அவரைப் பார்த்தாள். பிறகு தம்பியைத் தூக்கி மாமியின் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

“எங்க ஊர்ல சிரிச்சிக்கினேதான் சார் இத ஆடுவாங்க. சந்தோச ஆட்டம்.”

சொல்லிவிட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மேடை ஏறினாள். “தட்டு” என்று மாமாவிடம் நேபாளியில் சொன்னாள். மாமா தட்டினார்.

அம்மா ஆடினாள். காலை அகட்டி நின்று தள்ளினாள், மணிக்கட்டைச் சுண்டினாள். குந்தி உட்கார்ந்து தரையில் வட்டம் போட்டுக்கொண்டு பின்னால் போனபோது, அடேயப்பா, அந்த வேகம் எங்களில் ஒருத்தருக்கும் வரவில்லை. ஒத்திகைக்கு ஒரு நாள்கூட வராதவள்! முறுக்குகிற இடம் வந்தபோது, முதலில் சிரித்த அந்த அக்கா கீழேயிருந்து ஏறி வந்து அம்மாவுக்கு எதிரே நின்று மறுபக்கம் பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மேடை கொள்ளாமல் எல்லோரும் ஆடினார்கள். இப்போதும் சிரித்தார்கள், ஆனால் கேட்க வேறு மாதிரி இருந்தது. கடைசியில் அத்தனை பேரும் ஒன்றாக விறைத்து நின்று பெரியவருக்கு ஒரு சலாம் வைத்தார்கள்.

மாமி தேம்பித் தேம்பி அழுதார். பெரியவர், “பேஷ், ரத்தத்துல ஊறினதுன்னா இதான்” என்று சொல்லி, சாவியை அம்மாவின் கையில் வைத்தார்.

கூட்டம் கலைந்த பிறகு தொப்பிகளைத் திருப்பிக் கொடுக்க மாமாவைத் தேடினேன். பின்கட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். மாமா ஒரு தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். வாளி தட்டிய களைப்பு, வேர்த்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளே பாத்திர அறையில் பாய் விரித்துத் தம்பியை விட்டோம்.

அந்த அறை இன்றும் எங்களிடம்தான் இருக்கிறது. செயலாளர் இப்போது நான். ஆண்டு விழாவில் குழந்தைகள் அதே நடனத்தை ஆடுகிறார்கள். காற்று, பறவை, ஆறு, நட்பு, ராஜா, ஒன்றும் மாறவில்லை. போன வருடம் ஒரு பையன் மைக்கைப் பிடித்து, இமயமலையின் பழம்பெரும் நடனம் என்று அறிவித்தான். முன்வரிசையில் இருந்த மாமா அடக்கமாகத் தலையாட்டினார். தலைக்கு டை அடித்திருந்தார்.

மாமா இப்போது சொந்தமாகத் தள்ளுவண்டிக் கடை போட்டிருக்கிறார். கொஞ்ச நாள் முன்பு ஒரு சாயங்காலம் பார்சலுக்காக அங்கே நின்றிருந்தேன். வாணலியை வலது கையில் பிடித்து மணிக்கட்டைச் சுண்டினார். சோறு மேலே எழுந்தது. அது இறங்குவதற்குள் குதிகாலில் அரைச் சுற்றுச் சுற்றி, இடது கையால் தட்டை எடுத்துவிட்டார். எனக்குப் பறவை ஞாபகம் வந்தது. அப்புறம் அந்த நடனம் முழுவதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பார்சலை வாங்க மறந்து நின்றேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன்.

“அவன் எட்டு வயசுலயே ஊர வுட்டு வந்தவன்டி. எங்கப்பா ஒரு ஆளு கூட அனுப்பிட்டாரு, ஓட்டல்ல தட்டு கழுவ. ஊர்ல ஒரு பண்டிகைகூட ஒயுங்கா பாத்ததில்ல. டான்ஸ் அவனுக்கு யாரு காட்னாங்க? தெரியாதுன்னு சொல்ல வெக்கம். தெரிஞ்சத வெச்சி செஞ்சான்” என்றாள் அம்மா.

“உனக்கு எப்போ தெரிஞ்சுது?”

“மேடைல நீங்க தர தொடைக்கும்போதே தெரிஞ்சி போச்சி” என்றாள்.

அன்று மேடையில் அம்மாவுக்கு ஓர் அடிகூடத் தப்பவில்லை. ஊரில் பழகியது என்று நினைத்திருந்தேன்.