ரெசினுக்குள் ஒரு குல்லாய்

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, குரோம்பேட்டையில் ஃபைபர் நாற்காலி செய்யும் சிறிய பட்டறை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தார். இரும்பு துருப்பிடிக்கும், மரத்தைக் கரையான் தின்னும், ரெசின் என்கிற பிசினில் வார்த்தது மட்டும்தான் அப்படியே இருக்கும் என்பது அவர் கட்சி. கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் ஆரம்பித்துவிடுவார். கேட்காவிட்டாலும் ஆரம்பித்துவிடுவார்.

அந்த வருஷம் மட்டும் அவர் எதுவும் பேசவில்லை. கிறிஸ்துமஸை ஒட்டிப் பிறந்த அவர்களுடைய ஆண் குழந்தை, ஈஸ்டருக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டது. மே மாத விடுமுறைக்கு என்னை மேற்குத் தாம்பரத்தில் அவர்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் ஒரு பிள்ளையின் சத்தம் கேட்டால் சித்திக்கு ஆறுதலாக இருக்கும் என்று அம்மா சொன்னாள். எனக்குப் பத்து வயது. சத்தத்தில் குறை வைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தி பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போனதும், சித்தப்பா பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த ரெசின் டின்னை வெளியே எடுத்தார். பிறகு பீரோவைத் திறந்து, குழந்தைக்கு சித்தி பின்னிய நீலக் கம்பளிக் குல்லாயை எடுத்தார். கண்ணாடி மாதிரி ரெசினுக்குள் வைத்துவிட்டால் பூச்சி அரிக்காது, அழுக்குப் படாது, மேஜைமேல் வைத்து எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றார். சித்திக்குத் தெரியவேண்டாம், வந்து பார்க்கட்டும் என்றும் சொன்னார்.

எனாமல் கிண்ணத்தின் உள்ளே மெழுகு தடவி, குல்லாயை வைத்து, இறுகவைக்கும் ஹார்டனர் கலந்த ரெசினை விளிம்பு வரை ஊற்றினார். வீடெல்லாம் மூக்கைத் துளைக்கும் நெடி. கொஞ்ச நேரத்தில் ரெசின் கூழாக இறுகியது. கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடாக இருந்தது. அடுப்பே இல்லாமல் எப்படிச் சுடுகிறது என்று கேட்டேன்.

“தனித்தனியா இருந்த துகளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கை கோத்து சங்கிலியாவுதும்மா. சேரும்போது சூட்டை வெளிய விடும்.”

சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது. அந்த விடுமுறையில் அதை நான் பார்த்தது அப்போதுதான்.

சூடு நிற்கவில்லை. அடுத்த முறை தொட்டபோது விரல் பொத்துப்போயிற்று. புகை கிளம்பியது. சித்தப்பா கிண்ணத்தை ஈரத்துணியால் பிடித்துத் தூக்குவதற்குள் உள்ளே படக்கென்று விரிசல் விட்டது. ஆறிய பிறகு கவிழ்த்தார். பழுப்பேறிய ஒரு கட்டி, அதன் நடுவே கருகிய குல்லாய்.

சித்தி வந்ததும் அவர் எதையும் மறைக்கவில்லை. மெல்லிய அடுக்காக ஊற்றி, அதன் சூடு தணிந்த பிறகே அடுத்த அடுக்கை ஊற்றியிருக்க வேண்டும், மொத்தமாக ஊற்றியதால் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்டது என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். இது அவருக்குத் தெரியாததல்ல. அவள் வருவதற்குள் முடித்துவிடும் அவசரம். நிதானமாகச் செய்திருந்தால் கண்ணாடி மாதிரி வந்திருக்கும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

சித்தி கட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நல்லா வந்திருந்தா மட்டும்,” என்றாள் கடைசியில், “நான் அதை எப்படிங்க மோந்து பாப்பேன்?”

அன்றைக்கு இருவரும் சாப்பிடவில்லை.

விஷயம் முழுக்க எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். மறுநாள் காலையில் சித்தியிடம் போய், இன்னொரு குல்லாய் பின்னிக்கொடுங்கள், இந்தத் தடவை சித்தப்பா மெதுவாக ஊற்றுவார் என்று சொன்னேன். அவள் என் தலையைத் தடவி, சரி என்றாள்.

ஆனால் பின்னவில்லை. விடுமுறை முடிந்து நான் ரயிலேறும் வரை அவள் ஊசியை ஏன் தொடவில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை. அதே நீல நூல் தாம்பரம் மார்க்கெட்டில் எந்தக் கடையிலும் கிடைத்தது.