கேட்கப் போனதைக் கேட்காமல் வந்தவள்

ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் புதிய மேனேஜரைப் பற்றி என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

அவர் எவரோடும் அவரவர் வீட்டு மொழியில்தான் பேசுவார். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் அவருக்குச் சரளம். போன மாதம் எங்கள் பிரிவில் ஒருத்தியை மாலை ஷிப்ட்டுக்கு மாற்றினார். அவள் அம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பகலில் எதிர்வீட்டுப் பெண் பார்த்துக்கொள்வாள். மாலையில் ஆள் இல்லை. காலை ஷிப்ட்டே வேண்டும் என்று கேட்கப் போனாள். துணைக்கு நானும் போனேன்.

அவர் அவள் வீட்டுக் கன்னடத்தில் அம்மாவைப் பற்றி விசாரித்தார். தன் தாயார் படுக்கையில் கிடந்த நாட்களைச் சொன்னார். அவர் கண் கலங்கியது. உற்றுப் பார்த்தேன், நிஜமாகவே கலங்கியது. இவளும் அழுதாள். டீ வந்தது. கடைசியில் இவளே, ஆர்டர் நெருக்கடி தீரும்வரை மாலையிலேயே வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்தாள்.

கேன்டீனைத் தாண்டியதும் நின்றாள்.

"ஏன்க்கா, நான் கேக்கப் போனத கேட்டனா?"

"இல்ல."

"மனசு லேசா இருக்குதேக்கா."

"இருக்கும். சாயந்தரம் உங்கம்மாவ பாத்ரூமுக்கு யாரு கூட்டினு போவாங்க?"

இருவரும் மேனேஜர் அறைக்கே திரும்பி நடந்தோம். "அவரு கன்னடத்துல பேசுனாலும் நீ தமிழ்லயே பேசு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அவர் முதலில் என்னிடம் திரும்பி, எங்கள் வீட்டுத் தெலுங்கில், என் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். கம்பெனியில் யாரும் கேட்டதில்லை. எந்தக் கால், எந்தப் படிக்கட்டில் அதிகம், என்ன தைலம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவள்தான் குறுக்கே புகுந்தாள்.

"சார், எனக்குக் காலை ஷிப்ட் வேணும். சாயந்தரம் எங்கம்மா தனியா கெடக்கறாங்க."

அவர் தமிழில், "சரிம்மா, காலையிலயே வா. இத அப்பவே கேட்டிருக்கலாமே" என்றார். குரலில் கோபம் இல்லை. வருத்தம் மாதிரி இருந்தது.

அவள் இப்போது காலையில்தான் வருகிறாள். மறுநாள் என் மேஜையில் ஒரு தைல பாட்டில் இருந்தது. அவர் கொடுத்தனுப்பியது. தடவி வருகிறேன், வலி குறைந்துதான் இருக்கிறது. அடுத்து அவர் என்னை எதற்காவது கூப்பிட்டால் எந்த மொழியில் பேசுவது என்றுதான் தெரியவில்லை.