இருபக்கமும் கடிக்கும் அலகு

ஆகஸ்ட் 28, புதன். வழக்கம்போல் குளியல், இட்லி, பாகூர் பஸ். கரிக்கலாம்பாக்கத்தில் டீ குடிக்க இறங்குகிறேன். எதிரே ஒரு புது வீட்டுக்கு வாசக்கால் வைக்கிறார்கள். சட்டங்களின் மூட்டில் மரமுளை அடிக்க இன்னும் ஒரு துளை போட வேண்டும். பன்னிரண்டுக்கு ராகுகாலம். கரண்ட் இல்லை.

ஆசாரி பெட்டியிலிருந்து, சுற்றிய கயிற்றை இழுத்தால் முன்னும் பின்னுமாகச் சுழன்று துளையிடும் பழைய கயிற்றுத் துரப்பணத்தை எடுக்கிறார். வீட்டுக்காரரின் மச்சான், கரண்ட் மெஷினுக்கென்று தான் வாங்கிவந்த புது முறுக்குப் பிட்டைத்தான் அதில் மாட்ட வேண்டும் என்கிறார். மச்சானும் வீட்டுக்காரரும் கயிற்றின் ஆளுக்கொரு நுனியை மாற்றி மாற்றி இழுக்கிறார்கள். மரம் பளபளப்பாகிறதே தவிர, துளை விழவில்லை.

“இது ஒரு பக்கம் சுத்துனாதாம்பா கடிக்கும். திரும்பி வரப்ப சும்மா வரும்” என்கிறார் ஆசாரி.

“எம் மச்சான் கணக்கா. அவனும் ஒரு பக்கந்தான் வேல செய்வான், சோத்துப் பக்கம்” என்கிறார் வீட்டுக்காரர்.

“எந்தம்பிய இன்னாத்துக்கு இழுக்கற? கயித்த இழு” என்கிறார் அவர் மனைவி.

மச்சான் கோபித்துக்கொண்டு கயிற்றை விட்டுவிட்டுப் போகிறார். ஆசாரி இருபுறமும் தீட்டிய தட்டை அலகை மாட்டுகிறார்.

“சார், சும்மாதான நிக்கிறீங்க? புடிங்க” என்று அந்த அம்மா கயிற்று நுனியை என் கையில் திணிக்கிறார்.

நான் இழுத்தாலும் வீட்டுக்காரர் இழுத்தாலும் அலகு கடிக்கிறது; பன்னிரண்டுக்கு முன்பே வாசக்கால் நிற்கிறது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக, இத்தனை நாள் சும்மா வந்த இடக்கையால் பல் துலக்குகிறேன்.